பிப்ரவரிக்கு முந்திய நவம்பர்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து அந்த நூலகத்துக்கு நாற்பத்திரண்டு மைல். காலை எட்டரைக்குக் கிளம்பினோம். வண்டி ஓட்டியவன் என் மனைவியின் தம்பி முரளி. மருந்துக் கம்பெனியில் வேலை. எனக்காக ஒருநாள் லீவு போட்டிருந்தான்.

"அத்தான், இங்க வர்றவங்க எல்லாம் நயாகரா பாப்பாங்க. நீங்க செத்துப்போன வெள்ளைக்காரனோட லெட்டர பாக்க வந்திருக்கீங்க."

"செத்தவர்ங்கற தைரியத்துலதான்டா அவரப் பத்தி எழுதறேன்."

அந்த வெள்ளைக்காரர் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமத்துக் கனவான். ஆப்பிள் தோட்டம், கோதுமை வயல், பாராளுமன்றத்தில் ஓர் இருக்கை. மன்னர் பாராளுமன்றத்தைக் கேட்காமல் கட்டாயக் கடன் வசூலித்தபோது, ஒரு நவம்பரில், "தர முடியாது" என்று சொல்லிச் சிறைக்குப் போனவர். அதே வருடம் பிப்ரவரி தேதியிட்டு அமைச்சருக்கு அவர் எழுதிய மன்னிப்புக் கடிதம் ஒன்று இங்கே இருப்பதாக நூலகப் பட்டியல் சொன்னது. பிப்ரவரியில் எதற்கோ குனிந்த மனிதர் நவம்பரில் நிமிர்ந்துவிட்டார். என் புத்தகத்தின் முதுகெலும்பே அதுதான். பன்னிரண்டு அத்தியாயமும் முடிந்து, சென்னையில் பதிப்பாளர் காத்திருந்தார். கடிதத்தைக் கண்ணால் பார்த்து இரண்டு வரி எடுத்துக்கொண்டால் அச்சுக்குப் போய்விடலாம்.

வழியில் இரண்டு காபி, ஒன்பது டாலர். பத்து மணிக்கு நூலகத்தில் பேனாவை வாங்கிவைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். நூலகத்து அம்மாள் ஒரு திண்டின்மேல் கடிதத்தைப் பச்சைக் குழந்தையைப் போலக் கிடத்தினார். கையெழுத்து என் டாக்டருடையதைவிடத் தேவலை. ஆனால் ஏழாவது வரியில், 'இந்தச் சிறையில் மூன்று மாதமாக' என்று இருந்தது.

"தேதி தப்பு. நவம்பரில்தானே இவர் சிறைக்கே போனார்" என்றேன்.

அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: அக்கால இங்கிலாந்தில் வருடம் மாறுவது மார்ச் இருபத்தைந்தாம் தேதி. நவம்பருக்குப் பிறகு வரும் பிப்ரவரியும் அதே வருடம்தான்.

சித்திரையில் வருடம் பிறக்கிற ஊர்க்காரன் நான். மாசியும் பங்குனியும் பழைய வருடத்தின் வால் என்பது எனக்குத் தெரியாதா? வெள்ளைக்காரன் என்றதும் புத்தி நேராக ஜனவரி ஒன்றுக்குப் போய்விட்டது. ஆக, என் நாயகர் முதலில் நிமிர்ந்தார், அப்புறம்தான் குனிந்தார். கடிதம் முழுக்க இதுதான்: மனைவிக்குப் பேறுகாலம், வேலி சரிந்து மாடுகள் கோதுமையில் இறங்கிவிட்டன, ஆப்பிள் மரம் கழிக்க ஆளில்லை, வீட்டுக்கு விடுங்கள். கருணை என்ற சொல் மட்டும் நான்கு முறை.

திரும்பும்போது எல்லாவற்றையும் முரளியிடம் சொன்னேன்.

"நானும் அப்படி ஒண்ணு எழுதியிருக்கேன் அத்தான். கிரீன் கார்டுக்கு வெயிட் பண்ணிட்டிருந்த டைம். டேட்டா சரியில்ல, இந்த ரிப்போர்ட்ட சைன் பண்ண மாட்டேன்னு மீட்டிங்லயே சொல்லிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மேனேஜருக்கு சாரி மெயில்."

"சைன் பண்ணினியா?"

"இல்ல. வேற ஒருத்தர் பண்ணிட்டாரு."

"மீட்டிங்ல சொன்னது உங்க அக்கா சொல்லித் தெரியும். சாரி மெயில் தெரியாதே?"

"வாட்ஸப் குரூப்ல முதல் பாதிதான போட்டேன். அக்கா அதுக்கு ஹார்ட் போட்டா."

என் புத்தகமும் முதல் பாதியோடு நின்றுவிடலாம். கடிதத்தைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தால், நூலகம் ஏறி வந்து சரிபார்க்கப்போகிற தமிழ் வாசகர் யார்?

மறுநாள் மாலை நெவார்க் விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிவைத்த முரளி, போகாமல் நின்றான்.

"அந்த லெட்டர புக்ல போடுவீங்களா?"

"போடணும்டா."

"அப்போ மாடு, வேலி, பொண்டாட்டி எல்லாத்தையும் சேத்துப் போடுங்க அத்தான். வெறும் சாரிய மட்டும் போட்டு நிறுத்திடாதீங்க."

பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமாக இருந்தது. நின்றபடியே பதிப்பாளருக்கு எழுதினேன்: பன்னிரண்டு அத்தியாயமும் தலைகீழாகிவிட்டது, மன்னிக்க வேண்டும், ஆறு மாதம் அவகாசம் தாருங்கள். அனுப்புமுன் ஒருமுறை படித்தேன். கருணை என்ற சொல் இரண்டு முறை வந்திருந்தது.

ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன்.