துடைக்காத பசை

1980களில் மஞ்சள் காமாலை வந்து தேறிய பிறகும், எனக்கு வலது விலாவுக்குக் கீழே பாரமாகவே இருந்தது. ஈரல் கெட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில், வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். அதுவரை என் மனைவி செல்லம்தான் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, வயிற்றில் பச்சிலைப் பற்றும் போட்டுவந்தாள்.

டாக்டரம்மா அந்தப் பச்சைக் கறையின் மேலேயே குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீக்கம் வத்திருச்சு. ஈரல் நல்லாயிருக்கு."

நர்ஸ் பசையைத் துடைக்க வந்ததும் செல்லம் பதறித் தடுத்தாள். "தொடைக்காதீக! இம்புட்டு நல்ல மருந்து, ஊறட்டும்."

எனக்கு மானம் போனது. "மருந்து இல்லடி, படம் தெரியத் தடவுறது!" என்று சீறினேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இருக்கட்டும்மா. ஒண்ணும் செய்யாது," என்றார்.

பஸ்ஸில் சட்டை வயிற்றோடு ஒட்டி நசநசத்தது. விளாங்குடி தாண்டும்போதுதான் கவனித்தேன், அந்தப் பாரத்தைக் காணோம்.

"மருந்து வேலை செய்யுது," என்றேன்.

செல்லம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்னது பொய்யில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.