வலைக்கயிறும் என் கால்களும்

கடலில் மீன் குறைந்ததற்கு என் கால்கள்தான் காரணம் என்று, நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டில் தீர்ப்பாயிற்று. தீர்ப்பளித்தவர் அத்தை, அப்பாவின் அக்கா. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

எங்கள் குப்பம் கானத்தூர்ப் பக்கம், கடலோரம். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. மிஸ், ஸ்கிப்பிங்கை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொடுத்தார். வெறுமனே குதிப்பதல்ல, ஃப்ரீஸ்டைல். கைகளைக் குறுக்கே பின்னிக்கொண்டு குதிப்பது, ஒரே தாவலுக்குள் கயிற்றை இரண்டு முறை சுழற்றுவது, குந்தி எழுந்து நிற்காமல் தொடர்வது என்று எல்லாவற்றையும் நாமே கோத்து ஆட வேண்டும். தாம்பரத்தில் நடக்கவிருந்த மாவட்ட அணித் தேர்வுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார். பள்ளியின் பிளாஸ்டிக் கயிறுகளை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அதனால் பழைய வலையிலிருந்து அப்பா அறுத்துப் போட்டிருந்த கயிற்றில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். நல்ல கனம். சுழற்றினால் விர்ரென்று சத்தம் வரும்.

அந்தச் சமயம் பார்த்துக் குப்பத்துப் போட்டுகளெல்லாம் மீனில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம், ஏலக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் நான் குதித்துக்கொண்டிருக்க, மீன்கூடையோடு வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாடி, வலக்கயித்த தாண்டிகினு கீற? பொம்பளப் புள்ள தாண்டுனா வலையில இன்னா வுழும்?”

பெண்கள் வலையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தம்பி தாண்டலாம். காயப்போட்ட வலையை மிதித்துக்கொண்டுதான் அவன் தினமும் கிரிக்கெட் ஆடப் போவான். அவன் கால்மீது மட்டும் மீன்களுக்கு என்ன பிரியமோ.

“எல்லா போட்டும்தான் காலியா வருது அத்தே. எல்லார் வலையயும் நானா தாண்டுனேன்?”

அத்தை நேராக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: “படிக்க அனுப்புன இல்ல, வாயி எம்மா நீளம் வளந்துகீது பாரு.”

கயிறு பறிபோனது. வலைக்கு மஞ்சள்தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டினார்கள். தாம்பரமும் கிடையாது என்றார்கள். அங்கே வேறு கயிற்றில்தானே குதிக்கப்போகிறாள் என்று அம்மா மெல்ல இழுத்ததற்கு, கயிறு வேறானாலும் கால் அதே கால்தானே என்றார் அத்தை. அப்பா வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கழித்துப்போட்ட கயிறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

போட்டிக்கு முந்தைய நாள், அத்தை இல்லாத நேரமாகப் பார்த்து, “நீ போய்ட்டு வா,” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் எல்லாப் போட்டுகளும் கடலில் இறங்கின. எங்களுடையது மட்டும் கரையில் கிடந்தது. இஞ்சின் கோளாறு என்றார் அப்பா. முந்தைய நாள்வரை அந்த இஞ்சின் நன்றாக ஓடியது எனக்குத் தெரியும். ஆக, நான் குதிக்கிற நாளில் வலை போட அவருக்கும் பயம். அத்தை சொன்னதை அவரும் நம்பிவிட்டார். பஸ் மேடவாக்கத்தைத் தாண்டியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த ஆத்திரத்தோடேயே ஆடினேன். கயிறு ஒருமுறைகூடக் காலில் தட்டவில்லை. தேர்வானேன்.

வீடு திரும்பி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அப்பாவுக்கு முகம் கொடுக்கவில்லை. அன்று கடலுக்குப் போன போட்டுகளும் காலியாகவே வந்திருந்தன. நான் தாம்பரம் போய்வந்த சேதி கேட்டு அத்தை வேகமாக வந்தார். எங்கள் வலையைப் பார்த்தார். அது உலர்ந்து கிடந்தது. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், கூடையைக் கழுவப் போய்விட்டார்.

நனையாத வலையைக் காட்டி யார்மீதும் பழி போட முடியாது என்பது அன்று எனக்குப் புரியவில்லை. இன்று புரிகிறது. ஆனால் கோபம் போகவில்லை. எனக்காக ஒரு நாள் பிழைப்பையே விட்ட மனிதருக்கு, தன் அக்காவிடம் ஒரு வார்த்தை பேச ஏன் வாய் வரவில்லை என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.