மூன்று பேருக்கு ஐந்து எண்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டுத் தேர்வு முடிந்ததும் டம்மி நம்பர் போடும் வேலைக்கு என்னையும் சேர்த்து மூன்று பேரை உட்காரவைத்தார்கள். விடைத்தாளின் மேல்பகுதியில் மாணவரின் எட்டு இலக்கப் பதிவெண் இருக்கும். அதன் பக்கத்திலும், கிழிக்க வேண்டிய கோட்டுக்குக் கீழேயும் ஒரே சிறிய எண்ணை எழுதி, மேல்பகுதியைக் கிழித்து உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். திருத்துகிறவருக்குச் சிறிய எண் மட்டுமே தெரியும்.

மூன்று மேசைகளுக்கும் நடுவில் ஒரு நீள நோட்டு இருந்தது. எண் தேவைப்படுகிறவர் எழுந்துபோய், கடைசியாக யார் எதுவரை எடுத்திருக்கிறார் என்று பார்த்து, அடுத்த ஐம்பதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு வருவார். தேர்வுப் பிரிவின் தலைவரான கண்ட்ரோலர் ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார்: "நடுவுல ஓட்டை விழக் கூடாது. ஒண்ணுல ஆரம்பிச்சா வரிசையா முடியணும்."

அதற்கு முந்தைய மாதம்தான் வகுப்பில் 'மறுபெயரிடல்' என்ற சிக்கலை நடத்தியிருந்தேன். கணினியில் ஓடும் பல செயல்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நீளமான பெயர். ஒன்றோடொன்று மோதாமல் அவை சிறிய பெயர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதலாம், மற்றவை எழுதியதைப் படிக்கலாம், அவ்வளவுதான். எது எப்போது மெதுவாகும் என்று தெரியாது; சில நடுவிலேயே நின்றுபோகலாம். நின்றுபோனதையும் தாமதமாக வருவதையும் மற்றவற்றால் பிரித்தறிய முடியாது. அதனால் ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் முடிக்க, மூன்று பேருக்கு மூன்று பெயர் போதாது, நான்கும் போதாது. ஐந்து வேண்டும்.

"ரெண்டு நம்பர் வேஸ்ட்டு சார்," என்றான் கடைசி பெஞ்சு மாணவன். "வர்றானோ வரலையோன்னு அவனுக்கும் சேத்து பிரியாணி எடுத்து வெக்கிற மாதிரி." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உதாரணம் சரியாக இருந்தது.

என் பக்கத்து மேசையில் கணிதத் துறையின் தற்காலிக விரிவுரையாளர். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வருகிற பெண்மணி. ஒவ்வொரு ஜூனிலும் அவருக்குப் புது ஆணை வர வேண்டும், வந்தால்தான் வேலை. இருவரும் முதலாண்டுக் கணிதத் தாள்களுக்கே எண் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் அவர் 151 முதல் 200 வரை எடுத்திருந்தார். பிற்பகல் 2.10க்கு அட்டெண்டர் வந்து, விரிவுரையாளரின் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து ஃபோன் வந்ததாகச் சொன்னார். அவர் எழுந்து ஓடினார்.

2.50க்கு என் எண்கள் தீர்ந்தன. மூன்றாம் மேசைக்காரர் 201 முதல் எடுத்துவிட்டிருந்தார். நான் 251 முதல் எடுத்தால், கணித விரிவுரையாளர் இன்னும் போடாத எண்கள் நடுவில் ஓட்டையாக நின்றுவிடலாம். அவர் திரும்பி வருவாரா என்று அட்டெண்டரைக் கேட்டேன்.

"அந்தம்மா ஆட்டோல ஏறிப் பூட்டாங்க சார். அழுதுக்கினே போனாங்க. இனிமே எங்க வரப் போறாங்க?"

விரிவுரையாளரின் மேசையில் கட்டி வைத்திருந்த தாள்களை எண்ணினேன். இருபத்தெட்டு. கடைசி எண் 178. நோட்டில் அவர் பெயரிலிருந்த 179 முதல் 200 வரையிலான எண்களை அடித்து, என் பெயரை எழுதினேன். ஓட்டை அடைபட்டது. அவருடைய இழுப்பறையில் இன்னும் ஆறு தாள்கள் இருந்தன. அதை நான் திறந்து பார்க்கவில்லை.

3.20க்கு நான் டீ குடிக்கப் போயிருந்தபோது அவர் திரும்பி வந்திருக்கிறார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அந்த ஆறு தாள்களுக்கும் 179 முதல் 184 வரை போட்டு, கிழித்து, ஒட்டிவிட்டு, மறுபடி குழந்தையிடம் போய்விட்டார்.

மதிப்பெண் ஏற்றும் நாளில் வெளிப்பட்டது. 179 என்ற எண்ணுக்கு ஒரு தாளில் 62, இன்னொன்றில் 31. ஆறு எண்கள், பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களுடைய மற்ற விடைத்தாள்களை எடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, இரண்டு நாளில் சரிசெய்துவிட்டோம். பிள்ளைகள் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் காரணம் யார் என்று கண்ட்ரோலருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. எங்கள் இருவரையும் அழைத்தார்.

"பாதியில எழுந்து போனது நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"திரும்பி வந்து நோட்டைப் பாத்தீங்களா?"

"என் நம்பர் என் பேர்ல எழுதியாச்சு. அதை எதுக்கு சார் மறுபடி பாக்கணும்?"

"அடிச்சது நான்தான் சார்," என்றேன்.

"நீங்க செஞ்சது கரெக்ட். ஆளே இல்லைன்னா என்ன பண்ணுவீங்க? நடந்ததை எழுதிக் குடுங்க."

மூன்று பேருக்கு ஐந்து எண் வேண்டும் என்ற கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

அன்று மாலை எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரு வரி: 'பிற்பகல் 2.10க்குத் தன் பணியை விட்டுப் போய்விட்டார்.' நேரம் சரி. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் உறுத்தியது. 2.50க்கு எனக்குத் தெரிந்திருந்தது, அவர் இன்னும் வரவில்லை என்பது மட்டுமே. 'போய்விட்டார்' என்பது நானாக முடிவு செய்தது. ஒரு மாதம் முன்பு, இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அறுபது பேருக்குப் பாடம் நடத்தியவன் நான்.

மறுநாள் இரண்டாவது கடிதம் எழுதினேன்: 'அவர் திரும்ப மாட்டார் என்று கருதியது என் தவறு. அவரைக் கேட்காமல் அவர் எண்களை எடுத்துக்கொண்டேன்.' காலை 10.15க்குக் கொடுத்தேன். கண்ட்ரோலர் படித்துவிட்டு, "ஃபைல் நேத்தே மேல போயிடுச்சே சார்," என்றார். கடிதத்தை மடித்துப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார்.

ஜூன் மாத ஆணைப் பட்டியலில் அந்த விரிவுரையாளரின் பெயர் இல்லை.

அவர் ஆசிரியர் அறையில் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"நீங்க எழுதினதைக் காட்டினாங்க சார்."

"இன்னொரு கடிதம் குடுத்தேன் மேடம். அதுல என் தப்புன்னு எழுதியிருந்தேன்."

"எப்போ?"

"மறுநாள். பத்தே காலுக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அப்போ நீங்களும் வந்தீங்க சார்," என்றார். "என்னை மாதிரிதான், கொஞ்சம் லேட்டு." புத்தகங்களைப் பையில் அடுக்கினார். தூக்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.