அரிசி ரசீதுகளின் எண்கள்

எங்கள் பள்ளி ஆசிரியர்கள் பதினான்கு பேர் மாதாமாதம் ஒரு காப்பகத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம். மாமல்லபுரம் சாலையில் மனநிலை சரியில்லாமல் திரிபவர்களைக் கூட்டிவந்து பராமரிக்கும் இடம் அது. மூன்று வருடங்களாக யாரும் கணக்குக் கேட்டதில்லை. வணிகவியல் டீச்சர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

திருப்போரூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. நிர்வாகி முன்பு வேன் ஓட்டியவர். கொஞ்சமும் தடுமாறாமல் என்னை அவர் வரவேற்றதே எனக்கு உறுத்தியது. தணிக்கை அறிக்கை, பதிவுச் சான்றிதழ், ரசீதுகள் என்று கேட்டதையெல்லாம் மேசையில் வைத்தார். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

விடைத்தாள்களில் காப்பியைக் கண்டுபிடித்துப் பழகிய கண் எனக்கு. அரிசி ரசீதுகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தன. ஏப்ரல் ரசீதின் எண்ணுக்கு அடுத்த எண் மே ரசீதில், அதற்கடுத்தது ஜூனில். நடுவில் அந்தக் கடையில் வேறு ஒருவர்கூட அரிசி வாங்கவில்லையா? எதுவும் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கருங்குழியில் அந்த அரிசிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார். மறைக்கவில்லை.

"அரிசி நான் சும்மா குடுக்கிறது டீச்சர். எங்க அப்பாவ கடைசி காலத்துல அங்கதான் வெச்சிப் பாத்துகினாங்க. நிர்வாகி பில்லு வேணும்னாரு, ஒரே நாள்ல உக்காந்து எழுதிக் குடுத்தேன்."

பணம் வாங்கவே இல்லை என்றால், அரிசிக்கென்று நாங்கள் கொடுத்தது எங்கே போனது? அன்றே மறுபடி காப்பகத்துக்குப் போய் நிர்வாகியிடம் கேட்டேன்.

"சோத்துக்குன்னா எல்லாரும் தர்றாங்க டீச்சர். போட்டோ எடுத்துகினு போறாங்க. பீ மூத்திரம் அள்ற பொம்பளைக்கு சம்பளம்னா ஒருத்தரும் தர்றதில்ல. அரிசின்னு எழுதுனாத்தான் காசு வருது."

நான் நம்பவில்லை. பின்பக்கம் போர்வை துவைத்துக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம் தனியாக விசாரித்தேன். அவரும் இன்னொரு பெண்ணும் வாங்கும் சம்பளம் எவ்வளவு, எந்த மாதம் தாமதமானது என்பதையெல்லாம் அவர் சொன்னார். மருந்துக் கடைப் பாக்கியையும் சேர்த்துக் கூட்டினால் பெரும்பகுதி சரியாக வந்தது. மீதி கொஞ்சம் இடித்தது. உறவு யாரும் வராத பிணங்களை அடக்கம் செய்த செலவு, அதற்கு யாரும் பில் தருவதில்லை என்றார் நிர்வாகி. அதைச் சரிபார்க்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒன்பது பேர் அன்றே நிறுத்திக்கொண்டார்கள். பொய்க் கணக்கு பொய்க் கணக்குதான் என்றார்கள். மீதி ஐந்து பேரும் அந்த இரண்டு பெண்களின் சம்பளத்தை நேரே அவர்களுடைய வங்கிக் கணக்கில் போடுகிறோம். செலவு எதுவோ அந்தப் பெயரிலேயே எழுத வேண்டும் என்று நிர்வாகியிடம் எழுதி வாங்கியிருக்கிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் போய் நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு டீ வாங்கிவர நிர்வாகி ஆளை அனுப்பப் பார்க்கிறார். வேண்டாம் என்கிறேன். அவருடைய டீயைக் குடித்துவிட்டால் கேள்வி கேட்க எனக்கு வாய் வராது.