பதினோரு போணியும் ஒரு மேக்னெட்டோவும்

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. மோட்டார் இருந்தது, சைக்கிளும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஓடி நான் பார்த்ததில்லை. போர்க்காலத்தில் பட்டாளத்துக்காகக் கப்பலில் வந்து, ஏலத்தில் விழுந்து, பத்துக் கை மாறி, இனி வாங்க ஆளில்லை என்ற நிலையில் என்னைக் கண்டுபிடித்த வண்டி அது. சேலையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நடையில் நாலு வருடமாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்து, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், திரும்பவும் தள்ளிக்கொண்டு வருவேன். அதே நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் தன் நாயை அழைத்துக்கொண்டு நடப்பார். அவருடைய நாய் சில நாள் ஓடவும் செய்யும்.

வண்டியின் குறை ஒன்றே ஒன்றுதான். மேக்னெட்டோ என்று ஒரு பாகம். இன்ஜினுக்குத் தீப்பொறி தருவது அதன் வேலை. அது செத்துப்போயிருந்தது. அந்த வண்டிக்குப் பொருந்துகிற இன்னொன்று சென்னையில் எங்கேயும் அகப்படவில்லை. அகப்படாத பொருளைத் தேடுவதில் ஒரு சௌகரியம் உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கலாம். அதனால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்பட்டவர் வீட்டுக்காரர்.

அவர் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். ஏரிப் பாசனம் போய் வாடகைப் பாசனத்துக்கு வந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழிக் காலையில், நடையில் வண்டி மீது இடித்துக்கொண்ட முட்டியைத் தடவியபடி என்னைக் கூப்பிட்டார்.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும். அதுக்குள்ள இது ஓடணும். ஓடலன்னா இரும்புக்கட ஆளு வருவான். சொல்லி வச்சிட்டேன்."

"அண்ணே, இது அந்தக் காலத்து வண்டி. வயசு ஆக ஆகத்தான் இதுக்கு மதிப்பு."

"எனுக்கும்தான் வயசாவுது. நான் இன்னா நடையில குந்திகினு உன் வழிய மறிக்கிறனா?"

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் சொன்னா கேக்கல, நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றாள். வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுக்காரரும் இப்படி ஒரே அணியில் நின்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு கோஷ்டி உண்டு. பழைய வண்டி வைத்திருக்கும் ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஓடுகிற வண்டி வைத்திருந்தவர்கள் நாலு பேர். மற்ற ஐந்து பேரும் ஓடுகிற வண்டிகளைப் பற்றி ஆலோசனை சொல்வோம். காட்டாங்குளத்தூர் கல்லூரியில் லேபில் வேலை பார்த்த நண்பன்தான் எங்களில் உண்மையாகவே ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன். அவன் யோசனை இது: ஒவ்வொருவன் பரணிலும் வேண்டாத பாகம் கிடக்கிறது, அது இன்னொருவனுக்கு வேண்டும். எல்லாரும் சனிக்கிழமை மாலை ஒரு மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிறு காலை பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொண்டால் என்ன? புதுப்பேட்டையில் பழைய பாகம் விற்பவர்களையும் கூப்பிட்டால், யாரிடமாவது என் மேக்னெட்டோ இருக்கும்.

கடைக்காரர்களைத் திரட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. "உனக்கு வேற எதுவும் தெரியாது மச்சான், பேசவாவது செய்" என்று கௌரவமாக ஒப்படைத்தான். இடத்துக்கு வீட்டுக்காரரையே கேட்டேன். ஊரப்பாக்கத்தில் அவருக்கு வேர்க்கடலை போட்ட நிலம் இருந்தது. மனை பிரித்துக் கல் நட்டு வைத்திருந்தார். வண்டி ஒழிந்தால் போதும் என்று ஒரு நாளைக்கு விட்டார்.

நோட்டீஸ் அடித்ததும் நானே. அதில் ஒரு வரியை எழுதிவிட்டு நாலைந்து நாள் எனக்கு நானே கைகுலுக்கிக்கொண்டேன்: "பொருளுக்குப் பொருள். பணத்துக்கு இங்கே வேலை இல்லை."

சனிக்கிழமை மதியம் நண்பன் வண்டியின் பின்னால் என் வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போனோம். நான் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு, நானே ஓட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். வண்டலூரில் மிருகங்களைப் பார்க்க வந்த கூட்டம் ஒரு நிமிடம் நின்று எங்களைப் பார்த்தது. டிக்கெட் இல்லாமல் பார்த்தார்கள்.

மைதானத்தின் நடுவே வாடகைக்கு எடுத்த சிவப்பு மஞ்சள் சாமியானா. சாமியானா எடுத்தால் ஐம்பது நாற்காலியும் எடுத்தே ஆகவேண்டும் என்று பந்தல்காரர் தள்ளிவிட்டுப் போயிருந்தார். ஒன்பது பேரும் ஆளுக்கு ஐந்து நாற்காலி வீதம் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். பிறகு அவரவர் கூடாரம். என்னுடையது நீலத் தார்ப்பாய். கயிறுகளை மனைக் கற்களில் கட்டினேன். தலை பதினேழாம் நம்பர் மனையில், இடுப்பு பதினெட்டில், கால் இருபதடி ரோடு வரப்போகிற இடத்தில். விடியும்போது தார்ப்பாய் இறங்கி என் மூக்கின் மேல் கிடந்தது. ஊரப்பாக்கத்துக் கொசுக்கள் என்னிடம் எதையும் மாற்றாக வைக்காமலே எடுத்துக்கொண்டு போயிருந்தன.

ஏழு மணி ஆயிற்று. ஒரு கடையும் வரவில்லை.

"முப்பது கடைன்னியே மச்சான்" என்றான் நண்பன், டீ கிளாஸை உருட்டியபடி.

"முப்பது பேர்கிட்ட சொன்னேன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க."

"நல்லா பாத்துக்கோ. பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு, இரும்புக் கடைக்காரனையும் பாக்கலாம்."

எட்டு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வந்தவர்கள் நேரே சாமியானாவுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்து, சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வேட்டி கட்டிய ஒருவர் என்னிடம், "டிபன் முதல்லயா, சைட் பாத்துட்டு வந்தா?" என்று கேட்டார்.

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பக்கத்தில் அந்த நாட்களில் காலி நிலத்தில் சாமியானா போட்டால் அதற்கு ஒரே அர்த்தம், மனை விற்பனை. விற்கிறவர்கள் வேன் விட்டு, சாப்பாடும் போட்டு நிலம் காட்டுவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் பந்தலைப் பார்த்தால் இறங்கிவிடுவார்கள். ஐம்பது நாற்காலியும் நிறைந்துவிட்டது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

ஒன்பது மணிக்கு டெம்போ ஒன்று குலுங்கி வந்தது. மூட்டைகள் மேல் கடைக்காரர்கள். முப்பது இல்லை, பதினோரு பேர். எனக்கு முப்பதாகத்தான் தெரிந்தது. முதலில் குதித்தவர் பாய். நாலு வருடமாக நான் போய் நிற்கும் கடைக்காரர். சாக்கை விரித்துக் கொட்டினார். கார்புரேட்டர், விளக்கு, செயின், அதற்கு நடுவில், கறுப்பாக, குட்டியாக, என் மேக்னெட்டோ.

நான் அதைத் தொட்டேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"இரு சார். போணி ஆவட்டும்."

"பாய், இது மாத்துற சந்தை. பணமே கிடையாது. நோட்டீஸ் பாக்கலையா?"

"பாத்தேன், ஷோக்கா கீது. ஆனா மொத கையி காசுதான் வாங்கணும். காசு பாக்காம சாமானுக்கு சாமான் மாத்திகினா அன்னிக்கு பூரா பேஜார். அப்புறம் நீ இன்னா வேணா மாத்து."

"ஒருத்தருக்கு போணி ஆனா போதுமில்ல?"

பாய் மற்ற பத்துப் பேரையும் பார்த்தார். பத்துப் பேரும் சாக்கு நுனியால் சரக்கை மூடினார்கள். "அவனவன் கடைக்கு அவனவன் போணி சார்."

நாங்கள் ஒன்பது பேரும் பையைத் துழாவினோம். என் ஒரு வரிக்குக் கட்டுப்பட்டு அத்தனை பேரும் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இருந்த சில்லறை காலை டீக்குப் போய்விட்டது. வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் அவ்வளவு பேர் அவ்வளவு ஒழுங்காகப் படித்ததில்லை.

நண்பன் சாமியானாவைக் காட்டினான். "அங்க அம்பது பேர் அட்வான்ஸோட உக்காந்திருக்காங்க."

நான் பந்தலுக்குள் போனேன். முதல் வரிசையில் பள்ளி ஆசிரியை ஒருவர், கணவரோடு. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கார்னர் மனை இருக்கா சார்?" என்றார்.

"கார்னர்ல ஒண்ணு இருக்கு, வாங்கக்கா" என்று மைதான மூலையில் உட்கார்ந்திருந்த பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஆசிரியை கொஞ்ச நேரம் சரக்கைப் பார்த்தார். பிறகு ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரனை எடுத்து ஒருமுறை அமுக்கினார். அது யானைக்குட்டிபோலக் கத்தியது. கணவர் திடுக்கிட்டார்.

"இவர் மொட்டைமாடியில இருந்தா கூப்பிட்டாக் கேக்கறதே இல்ல" என்று சொல்லி, பேரம் பேசாமல் பணம் கொடுத்தார். பாய் நோட்டைக் கண்ணில் ஒற்றி, சரக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினார்.

அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். டிபன் இல்லை என்று தெரிந்தபின் சும்மா திரும்பிப் போக யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் செடி வைக்கப் பெட்ரோல் டேங்க் வாங்கினார். ஒரு அம்மாள் வட்ட விளக்கு வளையத்தில் முகக்கண்ணாடி பதிக்கலாம் என்று எடுத்துப் போனார். வேட்டிக்காரர் எதற்கென்றே தெரியாமல் ஒரு செயின் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அரை மணியில் பதினோரு போணியும் ஆகி, மைதானம் ஒரே கூச்சல். நாங்கள் ஒன்பது பேரும் குழந்தைகள்போல ஓடி ஓடி மாற்றினோம்.

நான் என் மூட்டையை பாய் முன் அவிழ்த்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இத்த நான்தான் உனுக்கு வித்தேன். இதுவும் நான்தான். இத்த அப்பவே வாணான்னு சொன்னேன், நீ கேக்கல."

"வேற என்ன வேணும் பாய்?"

அவர் என் வண்டியைச் சுற்றி வந்து சீட்டைத் தட்டினார். ஸ்பிரிங் வைத்த அசல் தோல் சீட்டு. அந்த வண்டியில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். நாலு வருடமாக அதில் உட்கார்ந்துதான் நான் எங்கும் போகாமல் இருந்தேன். கழற்றிக் கொடுத்தேன்.

நண்பன் மேக்னெட்டோவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். "மனை எவ்ளோ?" என்று யாரோ கேட்டதும் முகம் மலர்ந்துபோனது. நாங்கள் செய்யாத வியாபாரத்தை அவர் ஆரம்பித்துவிட்டார். ஆசிரியைக்கு உண்மையான கார்னர் மனையையே காட்டி, "அமைதியான எடம்மா. குருவி கத்தறது கேக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்தார்.

நான் கிக்கரை மிதித்தேன். எத்தனையாவது மிதி என்று தெரியவில்லை, வண்டி பீரங்கிபோல ஒருமுறை வெடித்து, பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை சாமியானா வழியாக மெதுவாக நடந்து போனது. ஒன்பது பேரும் தோளில் கை போட்டு ஆடினோம். பாயும் ஆடினார்.

ஆசிரியை கைப்பையை மூடினார். "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுக் கணவரை இழுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓடுதுண்ணே" என்றேன்.

"ஓடுது. கேட்டுது." காதைத் தேய்த்துக்கொண்டார். "இரும்புக்கட ஆள வரவாணான்னு சொல்லிடறேன். அது பாட்டுக்கு நடையிலயே நிக்கட்டும். ஆனா இன்னொரு வாட்டி அத்த கிளப்புன, நீ வேற வூடு பாத்துக்க."

அணைத்தால் மறுபடி கிளம்புமா என்ற சந்தேகத்தில், சீட்டில்லாத வண்டியில் நின்றுகொண்டே சேலையூர் வரை ஓட்டினேன். என் மனைவி தெருமுனையிலேயே சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஓடுதே" என்றாள், ஆச்சரியமாக. "வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"வெச்சுக்கலாமாம். ஓட்டக்கூடாதாம்."

அவள் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். எதிர்வீட்டு நாய் மட்டும் வண்டியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.