சென்னையில் படகு பார்த்த நாள்

போனவர்கள் நான், மீன்பிடித் தொழில் செய்யும் என் மனுசன், பத்து வயது மகள், மனுசனின் தங்கச்சி. மன்னாரிலிருந்து சென்னைக்குப் போன எங்களுக்கு, ஊர் சுற்ற ஒரு நாள்தான் இருந்தது. மகளுக்கு ஒட்டகச்சிவிங்கி பார்க்க வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

மனுசன் ஓட்டோவை முதலில் மீன்பிடித் துறைமுகத்துக்கு விடச் சொன்னார்.

"பத்து நிமிசம். எங்கட வலையை அறுக்கிற இழுவைப் படகுகளை எண்ணிப்போட்டு வாறன்."

"அண்ணா, எங்கட கடலுக்கு வாறது ராமேஸ்வரத்துப் படகெல்லோ," என்றாள் தங்கச்சி.

"எல்லாம் ஒரு சாதிப் படகுதான்."

கரை நெடுக எண்ணிக்கொண்டு போனார். பாதியில் இரண்டு படகுகள் புறப்பட்டன. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். யாரோ அதிகாரி என்று நினைத்து ஒரு மீனவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அறுந்த வலையைப் பற்றி மனுசன் வாய் திறக்கவில்லை. தேநீர் நல்லாயிருக்கு என்றார்.

மிருகக்காட்சிசாலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவைப் பூட்டிவிட்டார்கள். மகள் மதிலில் கீறியிருந்த ஒட்டகச்சிவிங்கிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை.

"படகு எத்தனை எண்டாவது சொல்லுங்கோ, அப்பா."

அவர் எண்ணிக் குறித்து வைத்த கொப்பியைத் திறந்தார்.

இருநூற்றுப் பதினேழு.