பனிப்பலகையும் பி.டி. பீரியடும்

திங்கட்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு வருவார். நார்வேயில் குளிர்காலம் முழுக்க இது நடக்கும். கட்டோடு வந்தவரைப் பார்த்து யாரும் "ஐயோ" என்பதில்லை. "எந்த மலை?" என்றுதான் கேட்கிறார்கள். அவரும் பரிசு வாங்கியவர்போல மலையின் பெயரைச் சொல்கிறார். பிறகு இருவரும் காப்பி இயந்திரத்தின் முன்னால் நின்று அங்கே பனி எப்படி இருந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். ஐந்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் ஒருவர் மாவுக்கட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினால், சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்துவிடுவார்கள். எந்த வண்டி இடித்தது, யார்மேல் தப்பு, எந்த டாக்டர் என்று விசாரணை நடக்கும். நானாகவே மலையேறிப் போய் விழுந்தேன் என்று சொன்னால் ஹார்லிக்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நாற்பத்தொரு வயதுவரை நான் விழுந்ததே இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, விழ எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நான் பிறந்தபோது இதயத்தில் சின்னதாக ஒரு ஓட்டை இருந்தது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. தாம்பரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மா ஒரு டாக்டர் லெட்டரைக் கொண்டுவந்து கொடுப்பாள். அதன்பின் அந்த வருடம் முழுக்க பி.டி. பீரியடில் நான் மைதானத்து ஓரப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற பெண்கள் கைக்கடிகாரங்களையும் கண்ணாடிகளையும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு கோகோ ஆடப் போவார்கள். ப்ளஸ் டூ முடியும்வரை என் விளையாட்டு அதுதான். பிறகு நாவலூரில் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனையில், "ஓட்டை எப்பவோ மூடிடுச்சும்மா, நீங்க மாரத்தானே ஓடலாம்" என்றார் டாக்டர். மாரத்தான் ஓடவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதுகூட இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுகிறவளாகவே இருந்தேன். உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அதே வேலைதான் என்னை நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகருக்குக் கொண்டுவந்தது. முதல் நான்கு குளிர்காலங்களையும் ஜன்னலுக்கு உள்ளிருந்து பார்த்தேன். ஐந்தாவதில், பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, என்னவோ தோன்றி நகரின் ஓரத்தில் இருக்கும் சிறிய சறுக்குமலைக்கு பஸ் ஏறிவிட்டேன். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. அலுவலக நண்பர்கள் பால்பல் விழுவதற்கு முன்பே சறுக்கப் பழகியவர்கள். அவர்கள் முன்னால் விழ வெட்கமாக இருந்தது. ஸ்கீ வேண்டாம், ஸ்னோபோர்ட்தான் என்று முடிவு செய்ததற்கும் காரணம் உண்டு. ஸ்கீயில் இரண்டு காலுக்கும் இரண்டு தனிக் கட்டை. ஒன்று தாம்பரம் பக்கமும் இன்னொன்று பல்லாவரம் பக்கமும் போய்விட்டால் என்ன செய்வது? ஸ்னோபோர்டில் இரண்டு பாதங்களையும் ஒரே பலகையில் பூட்டிவிடுகிறார்கள். போனால் சேர்ந்து போகும்.

பலகை வாடகைக்குத் தரும் இடத்தில் நரைத்த பின்னல் போட்ட ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்து, "ரெகுலரா, கூஃபியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அடிக்கடி வருகிறவளா என்று கேட்கிறார் என நினைத்து, "ரெகுலர் இல்லை, இன்றுதான் முதல்முறை" என்றேன். "அப்படியானால் கூஃபி" என்று சொல்லி, திருப்புளியை எடுத்துப் பலகையைச் சரிசெய்யத் தொடங்கினார். கூஃபி என்றால் கோமாளித்தனம் என்றுதான் எனக்குத் தெரியும். இந்த வயதில் வந்ததற்கு முகத்துக்கு நேரே கோமாளி என்கிறாரே என்று சுருக்கென்றது. அடுத்த வாரம்தான் விஷயம் புரிந்தது. இடது காலை முன்னால் வைத்துச் சறுக்குபவர் ரெகுலர், வலது காலை வைப்பவர் கூஃபி. அன்று முழுக்க நான் தப்பான காலை முன்னால் வைத்துச் சறுக்கியிருக்கிறேன். விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. காலை மாற்றிய பிறகும் அதே அளவு விழுந்தேன்.

குழந்தைகளுக்கான சரிவு அது. நம் ஊர் மேம்பாலத்து இறக்கம் அளவுதான் இருக்கும். உட்கார்ந்து பூட்டைப் போட்டேன், எழுந்தேன், பின்பக்கமாக விழுந்தேன். மறுபடி எழுந்தேன், இந்த முறை முகம் குப்புற. பனி வாய்க்குள் போயிற்று. ஃப்ரீசரில் உறைந்துபோன ஐஸைச் சுரண்டித் தின்றதுபோல ஒரு ருசி. அப்படியே கிடந்தபோது இரண்டு ஸ்கீ முனைகள் என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மாள் குனிந்து, "கோர் டெ ப்ரா?" என்றார். எங்கள் நார்வேஜிய மொழி வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த வாக்கியம். 'சௌக்கியமா?' என்று அர்த்தம். பதிலும் மனப்பாடம். பனியில் கன்னத்தை வைத்தபடியே, "சௌக்கியம், நன்றி. நீங்கள்?" என்றேன். அவர் ஸ்கீக் கம்பை ஊன்றி நின்றுகொண்டார். பிறகு, தானும் சௌக்கியம்தான், ஆனால் இடது முழங்கால்தான் கொஞ்சம் படுத்துகிறது என்று பொறுமையாகப் பதில் சொன்னார். விழுந்துகிடப்பவரிடம் அதே வாக்கியத்துக்கு 'அடிபட்டதா?' என்று பொருள் என்பதை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் உணர்ந்தேன். தனியாகச் சிரித்தேன். எதிர் சீட்டுக்காரர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. பீர்க்கன்கரணையில் அவள் தனியாக இருக்கிறாள். அப்பா போய் ஒன்பது வருடம். தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். சனிக்கிழமைகளில் "வாக்கிங் போறேம்மா" என்றேன். மூன்றாவது சனிக்கிழமை கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. மறுநாள் இடது கையால் காப்பி குடித்ததைப் பார்த்துவிட்டாள்.

"பாப்பா, வலது கைக்கு என்னாச்சு?"

எனக்கு எத்தனை வயதானாலும் அவளுக்கு நான் பாப்பாதான். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். பொய் சொல்ல வரவில்லை. பனி, பலகை, மலை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி விசேஷ ஜெபம் வைப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த இரண்டு வாரமும் தினமும் கூப்பிட்டாள். குளிர் எப்படி, சாப்பாடு என்ன என்பதற்கு மேல் போகவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ஜிஎஸ்டி ரோட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தினமும் தனியாகக் கடக்கிறவள், என்னைக் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்.

மணிக்கட்டு சரியானதும் காப்புறை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி மலைக்குப் போனேன். இப்போது குதிகால் பக்கம் எடையை வைத்துச் சறுக்க வந்துவிட்டது. திரும்புவதுதான் வரவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது, நடுவில் ஒரு கணம் பலகை நேராகக் கீழ்நோக்கி நிற்கும். வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் முன்காலில் சாய வேண்டும். நானோ பயத்தில் பின்னால் சாய்வேன், விழுவேன். பகல் பன்னிரண்டரை மணிக்கு, சரிவின் உச்சியிலிருந்த மரக் குடிலில் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ இல்லை, வெறும் குரல்.

"பாப்பா, மலையில இருக்கியா?"

"ஆமாம்மா."

"உன்கிட்ட ஒன்னு சொல்லணும். நடுவுல பேசாத. அந்த டாக்டர் லெட்டர் இருக்குல்ல, ஸ்கூலுக்குக் குடுப்பேனே? நீ எட்டாவது சேர்றப்பவே டாக்டர் சொல்லிட்டாரு. ஓட்டை மூடிடுச்சு, இனிமே லெட்டர் தேவையில்ல, புள்ள நல்லா ஓடி ஆடட்டும்னு."

"அப்புறம் எப்படிம்மா ப்ளஸ் டூ வரைக்கும்…"

"பழைய லெட்டர்தான். தேதி மேல வெள்ளப் பேப்பர ஒட்டி ஜெராக்ஸ் எடுத்து, புதுத் தேதிய நானே எழுதுவேன்."

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தவள் என் அம்மா. கடைக்காரர் ஒரு ரூபாய் அதிகம் கொடுத்தால்கூட வெயிலில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஐந்து வருடம் கள்ள லெட்டர் எழுதியிருக்கிறாள். ஐந்து வருடம் நான் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஏம்மா இப்படிப் பண்ண?"

"உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தானே, நாப்பது நாள். அவனுக்கும் இதயந்தான். டாக்டர் சொல்லியும் எனக்கு நம்பிக்கை வரல பாப்பா. நீ உக்காந்தே இருந்தா உயிரோட இருப்பன்னு தோணிச்சு. உன் கைய அன்னிக்குப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. நீ இந்த வயசுல விழுந்து எழுந்து கத்துக்கற. அத அப்பவே கத்துக்கிட்டிருப்ப. நாந்தான் விடல."

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வந்தது. வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்த அண்ணனின் பெயரைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. முப்பத்திரண்டு வயதுப் பெண், ஜெராக்ஸ் கடையில் நின்று, தேதிமேல் காகிதத் துண்டைச் சரியாக வைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். இன்று எனக்கு அவளைவிட ஒன்பது வயது அதிகம்.

"விழுந்தா வலிக்குதா?" என்றாள் அம்மா.

"வலிக்கத்தான் செய்யுது."

"எழுந்துக்கற இல்ல?"

"எழுந்துக்கறேன்."

"அப்ப சரி."

"அம்மா, வைக்காத. இப்ப நான் எறங்கப் போறேன். லைன்லயே இரு. பேசாம இரு, போதும்."

ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி, அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து, உட்கார்ந்து, பூட்டைப் போட்டு எழுந்தேன். அம்மா வீட்டில் மாலை ஐந்து மணி. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. முதல் திருப்பம் வந்தது. பலகை நேராகக் கீழ்நோக்கி நின்றது, முன்காலில் சாய்ந்தேன். விழவில்லை. பலகை வளைந்து மறுபக்கம் போயிற்று. இரண்டாவது திருப்பத்துக்கு வந்தபோது பீர்க்கன்கரணையில் யாரோ கேட்டைத் தட்டினார்கள்.

"யம்மா, சிலிண்டர் வந்துகீது. கேட்ட தொறம்மா."

"இருப்பா. என் பொண்ணு மலையிலேர்ந்து எறங்கிக்கிட்டிருக்கா."

"இன்னாம்மா, திருப்பதிக்கா போயிக்குது?"

"இல்லப்பா, நார்வே."

"எங்கயோ ஒன்னு. நல்லபடியா எறங்கட்டும். இது வெயிட்டா கீதும்மா, தொற."

சிரித்ததில் மூன்றாவது திருப்பத்தில் தடுமாறினேன். முழங்கால் மடிந்தது, நிமிர்ந்துகொண்டேன். இடது காதில் எங்கள் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சென்று திறந்தது. வலது பக்கம் பலகை பனியைச் சீவிக்கொண்டு போகும் சத்தம். இரண்டுக்கும் நடுவில், அம்மாவின் மூச்சு கேட்கக் கேட்க, கீழே போய்க்கொண்டிருந்தேன்.